அதிக விலை கொடுக்காமல் கனமான இம்பீரியல் ஸ்டவுட் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் ஓரளவு பெரிய பீர் கடைக்குப் போனால் இம்பீரியல் ஸ்டவுட் என்ற, வறுத்த தானியம் சேர்த்துக் காய்ச்சும் வலுவான பீருக்கென்றே ஓர் அலமாரி இருக்கும். எல்லாமே கறுப்பு, எல்லாவற்றிலும் 9, 10, 11 சதவீத ஆல்கஹால். ஆனால் ஒன்று பாட்டில் 3 டாலர், அதன் பக்கத்திலேயே இன்னொன்று 18 டாலர். புதிதாக வருபவர்கள் 18 டாலர் பாட்டிலில்தான் கனம் அதிகம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. கூடுதலாகக் கொடுக்கும் காசு பீப்பாய்க்கும், வனிலா, தேங்காய், மேப்பிள் சிரப் போன்ற சேர்மானங்களுக்கும், குறைவாகத் தயாரித்ததால் ஏற்பட்ட கிராக்கிக்கும் போகிறது. வாயில் நிற்கும் கனம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அதற்கு ஆகும் செலவு அவ்வளவு பெரிதல்ல.

கனம் எங்கிருந்து வருகிறது

கடைக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, வெந்நீரில் ஊறவைக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் கடைசியில் தங்கிவிடும் சர்க்கரைகளும் புரதங்களும்தான் நாக்கில் கனமாகத் தெரிபவை. ஊறும் சூடு 65 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ஈஸ்ட் எளிதில் தின்னும் சர்க்கரை அதிகம் கிடைக்கும், பீர் மெலிந்துவிடும். 68, 69 டிகிரிக்கு உயர்த்தினால் தின்ன முடியாத சர்க்கரை கூடி பீர் கனக்கும். ஓட்ஸ், கோதுமை, கேரமல் மால்ட் சேர்த்தால் இன்னும் கூடும்.

மீந்த சர்க்கரையை அளக்க ஒரு கணக்கு உண்டு: இறுதி அடர்த்தி. தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், சாதாரண ஐரிஷ் ஸ்டவுட் 1.007 முதல் 1.011 வரை வந்து நிற்கும். பீர் நடுவர்கள் பயன்படுத்தும் பி.ஜே.சி.பி. வரையறைப்படி இம்பீரியல் ஸ்டவுட் 1.018 முதல் 1.030 வரை. ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம், கசப்பு 50 முதல் 90 ஐ.பி.யு. (பீரின் கசப்பை அளக்கும் அலகு). சில ஆலைகள் இறுதி அடர்த்தியைத் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. 1.025-க்கு மேல் கண்டால் தைரியமாக எடுக்கலாம். 1.016-க்குக் கீழே இருந்தால் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் மெலிவாகத்தான் இருக்கும்.

மூன்று விஷயங்களைக் கனம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். முதலாவது நிறம். வறுத்த பார்லி கொஞ்சம் போட்டாலே பீர் கறுத்துவிடும். கறுப்பு லாகர்கள் (குளிரில் நொதிக்கவைக்கும் பீர் வகை) பார்க்க ஸ்டவுட் போலவே இருந்தாலும் குடிக்க லேசானவை. இரண்டாவது நுரை. கின்னஸ் டிராஃப்ட் நாக்கில் வெண்ணெய் போல வழுக்குவது நைட்ரஜன் வாயுவின் வேலை. அதன் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், அடியில் இருக்கும் பீர் மெல்லியது. மூன்றாவது ஆல்கஹால் சதவீதம். இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். வெறும் சர்க்கரையைக் கொட்டி ஆல்கஹாலை 11 சதவீதத்துக்கு ஏற்றலாம். ஈஸ்ட் அத்தனையையும் தின்றுவிட்டுப் போய்விடும், தொண்டையில் எரிச்சல் மட்டும் மிஞ்சும். டிகாஷன் கறுப்பாக இருந்தும் காபி தண்ணியாக அமைவதுண்டல்லவா, அந்தக் கதைதான்.

லேபிளில் எதைப் பார்ப்பது

'இம்பீரியல் ஸ்டவுட்', 'ரஷ்யன் இம்பீரியல் ஸ்டவுட்' இரண்டும் ஒரே வகை. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் சதக் பகுதியிலிருந்த த்ரேல் ஆலையின் கனத்த போர்ட்டர் (ஸ்டவுட்டுக்கு மூத்த கறுப்பு பீர் வகை), இரண்டாம் கேத்தரின் காலத்து ரஷ்ய அரசவைக்குக் கப்பலில் போனதால் வந்த பெயர். 'டபுள் ஸ்டவுட்' என்பது பெரும்பாலும் இதையே குறிக்கும், ஆனால் உறுதியில்லை. 'ஃபாரின் எக்ஸ்ட்ரா' என்றால் ஒரு படி கீழே, ஏறத்தாழ 6.3 முதல் 8 சதவீதம்.

'பேரல் ஏஜ்டு', 'போர்பன்' என்ற சொற்களைக் கண்டால் விலை ஏறும். சட்டப்படி போர்பன் விஸ்கியைப் புதிதாகக் கருக்கிய ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பதால், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் பீர் ஆலைகளுக்கு வருகின்றன. பீரைப் பல மாதம், சில சமயம் ஒரு வருடம் வரை அதில் கிடத்துவார்கள். அத்தனை காலமும் இடம் அடைபடும், கொஞ்சம் ஆவியாகிப் போகும், சில பீப்பாய்கள் புளித்துக் கெட்டுப்போகும். அந்த நஷ்டமெல்லாம் விலையில் ஏறுகிறது. கிடைப்பது வனிலா, ஓக், விஸ்கி வாசனை. வாசனை வேண்டுமென்றால் வாங்குங்கள். கனம்தான் வேண்டுமென்றால் முதல் ஐந்தாறு தடவை இந்தப் பக்கமே போக வேண்டாம்.

'பேஸ்ட்ரி ஸ்டவுட்' என்றால் கேக், பிஸ்கட், சாக்லெட் போட்டுக் காய்ச்சியது போன்ற இனிப்பு. கனம் உண்டு, ஆனால் சர்க்கரைப் பாகு போல. முதல் நாலு வாய் பிரமாதம், பிறகு திகட்டும். இதிலும் 'மில்க் ஸ்டவுட்'டிலும் பெரும்பாலும் பால் சர்க்கரையான லாக்டோஸ் சேர்த்திருப்பார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும். நம்மில் அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை.

விலைக் கணக்கு

பாட்டில் அளவுகள் பலவிதம் என்பதால் விலைச் சீட்டை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். அதிகம் காணப்படுபவை: 12 அவுன்ஸ் (355 மில்லி), 16 அவுன்ஸ் (473 மில்லி), 19.2 அவுன்ஸ் நெட்டைக் கேன் (568 மில்லி), 22 அவுன்ஸ் பெரிய பாட்டில் (650 மில்லி), 500 மில்லி பாட்டில். விலையை அவுன்ஸால் வகுத்து 12-ஆல் பெருக்குங்கள். எல்லாம் ஒரே தராசுக்கு வந்துவிடும்.

ஒரு கடையில் நாலு 12 அவுன்ஸ் பாட்டில்கள் 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 அவுன்ஸ், அவுன்ஸுக்கு 25 சென்ட், ஆக 12 அவுன்ஸுக்கு 3 டாலர். அதே கடையில் 19.2 அவுன்ஸ் கேன் 4 டாலர் என்றால் 12 அவுன்ஸுக்கு 2.50 டாலர். 500 மில்லி பீப்பாய்ச் சரக்கு 18 டாலர் என்றால் ஏறக்குறைய 12.80 டாலர். முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 12 அவுன்ஸுக்கு 4 டாலருக்குள் நின்றால் அது நியாயமான விலை. அதற்கு மேல் கொடுக்க வேண்டிய அவசியம் ஒரு புதியவருக்கு இல்லை.

அமெரிக்க மத்திய அரசின் பீர் வரி பேரல் கணக்கில், அதாவது பீரின் கொள்ளளவை வைத்து, போடப்படுகிறது; ஆல்கஹால் சதவீதம் ஏறினாலும் அந்த வரி ஏறாது. அதனால்தான் 10 சதவீத ஸ்டவுட் இங்கே இந்த விலைக்குக் கிடைக்கிறது. பிரிட்டனில் நிலைமை வேறு: 2023 ஆகஸ்ட் முதல் 8.5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பீருக்கு வரி விகிதமே அதிகம். அங்கே வாங்குபவர்கள் 8.4 சதவீதத்தில் நிற்கும் ஸ்டவுட்களைத் தேடினால் மிச்சம் உண்டு.

நெட்டைக் கேன் மலிவு என்று சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 9.5 சதவீதத்தில் 19.2 அவுன்ஸ் என்பது அமெரிக்கக் கணக்கில் மூன்று முழு அளவு மது (ஓர் அளவு என்பது 5 சதவீத பீர் 12 அவுன்ஸ்). பாட்டிலைப் போல அதை மூடி வைக்கவும் முடியாது. தனியாகக் குடிப்பவர் 12 அவுன்ஸ் வாங்குவதே நல்லது. அதுவே 9 சதவீதத்தில் 1.8 அளவு. நெட்டைக் கேன் இருவர் பகிர்ந்துகொள்ள ஏற்றது. எப்படியானாலும் அன்றைக்கு வண்டிச் சாவியைத் தொடக்கூடாது.

எவற்றிலிருந்து தொடங்குவது

பெரும்பாலான மாநிலங்களில் கிடைக்கக்கூடிய, பீப்பாயில் போடாத, பல வருடமாகத் தரம் மாறாதவற்றை மட்டும் சொல்கிறோம்.

கறுப்பு பீரே பழக்கமில்லாதவர் சாமுவேல் ஸ்மித் இம்பீரியல் ஸ்டவுட்டில் தொடங்கலாம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள டாட்காஸ்டரிலிருந்து வருகிறது. 7 சதவீதம்தான், வரையறைப்படி பார்த்தால் இம்பீரியலுக்குக் கொஞ்சம் கீழே. கசப்பு அடங்கி, உலர்ந்த திராட்சை, கோக்கோ மணத்தோடு மிருதுவாக இருக்கும். இறக்குமதி என்பதால் அவுன்ஸ் கணக்கில் விலை சற்று ஏறலாம். ஒரு பாட்டில் போதும்.

அடுத்து ஓல்ட் ரஸ்புடின். இந்த முழு வகைக்கும் ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வோம். வட கலிஃபோர்னியக் கடற்கரையில் ஃபோர்ட் பிராக் ஊரிலுள்ள நார்த் கோஸ்ட் ஆலையின் சரக்கு. 9 சதவீதம், 75 ஐ.பி.யு. நாலு பாட்டில் பேக்காக வருடம் முழுவதும் கிடைக்கும். கிளாஸில் ஊற்றினால் நுரை காபித்தூள் நிறத்தில் எழும். முதல் வாயில் வறுத்த காபியும் கசப்புச் சாக்லெட்டும் தெரியும். விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கத்தில் கசப்பு நிற்கும், மார்பில் மெல்லச் சூடு பரவும். வேறு எந்த ஸ்டவுட்டைக் குடித்தாலும் இதோடு ஒப்பிட்டு, இதைவிடக் கனமா, லேசா, இனிப்பா என்று சொல்ல முடியும். அந்த அளவுகோலுக்காகவே இதை வீட்டில் வைத்திருக்கலாம்.

அதைவிடக் கனம் வேண்டுமென்றால் இரண்டு: ஆஸ்கர் ப்ளூஸ் ஆலையின் டென் ஃபிடி, மிச்சிகனின் பெல்ஸ் ஆலையின் எக்ஸ்பெடிஷன் ஸ்டவுட். இரண்டும் 10.5 சதவீதம். டென் ஃபிடி கேனில் வருகிறது, ஊற்றும்போதே என்ஜின் ஆயில் போல இறங்கும். எக்ஸ்பெடிஷன் குளிர்காலத்துச் சரக்கு. கருப்பட்டிப் பாகும் அத்திப்பழமும் கலந்தாற்போன்ற அடர்த்தி, புதிதாக இருக்கும்போது கசப்பும் காரமும் தூக்கலாக இருக்கும். இதை ஒரு வருடம் வைத்துக் குடித்தால் வேறு பீராகிவிடும்.

கசப்பு பிடித்தவர்களுக்கு டென்வரின் கிரேட் டிவைட் ஆலையின் யெட்டி, 9.5 சதவீதம். பென்சில்வேனியாவின் விக்டரி ஆலையின் ஸ்டார்ம் கிங், 9.1 சதவீதம், அதுவும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) பக்கம் சாய்ந்ததுதான். புரூக்ளின் பிளாக் சாக்லெட் ஸ்டவுட் 10 சதவீதம், 1994 முதல் குளிர்காலம்தோறும் வருகிறது. பெயரில் சாக்லெட் இருக்கிறதே தவிர உள்ளே இல்லை. அந்த மணம் முழுக்க வறுத்த மால்ட்டின் கைவரிசை.

இம்பீரியல் என்று எழுதாத மலிவுச் சரக்கு

அலமாரியை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் இரண்டு உண்டு. ஒன்று இலங்கையின் லயன் ஸ்டவுட். நுவரெலியாவில் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஆலை, இப்போது கொழும்பை அடுத்த பியகமவில் இயங்குகிறது. 8.8 சதவீதம். இதை வெப்பநாட்டு ஸ்டவுட் என்பார்கள்: வறுவல் கசப்பு குறைவு, இனிப்பும் பழ மணமும் அதிகம், கனத்துக்குப் பஞ்சமில்லை. இறக்குமதி பீர் பகுதியில், லாகர்களுக்கு நடுவில் ஒதுங்கிக் கிடக்கும். கசப்பு பிடிக்காதவருக்கு ஓல்ட் ரஸ்புடினைவிட இதுவே சரியான முதல் பாட்டில்.

இன்னொன்று பால்டிக் போர்ட்டர். போலந்தின் ஷிவியெட்ஸ் போர்ட்டர் 9.5 சதவீதம். லாகர் ஈஸ்ட்டில், குளிரில் நொதிக்க வைப்பதால் வழவழப்பாக இருக்கும், கருகல் வாசம் இருக்காது. சிகாகோ போன்ற நகரங்களில் போலந்துக்காரர்களின் மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆடம்பர லேபிள் இல்லாததால் விலையும் அடக்கம்.

எங்கே, எப்போது வாங்குவது

முதலில் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். சில மாநிலங்களில் மளிகைக் கடையில் வலுவான பீர் விற்கக்கூடாது. யூட்டாவில் 5 சதவீதத்துக்கு மேற்பட்ட பீர் வாங்க அரசு மதுக்கடைக்குத்தான் போக வேண்டும். மற்ற இடங்களில் பெரிய மதுக்கடைகளில் தனிப் பாட்டில் வாங்கும் வசதி இருக்கும். ஆறு பாட்டிலை நாமே கலந்து எடுத்துக்கொள்ளும் அட்டைப்பெட்டியும் இருக்கும். தனியாக எடுத்தால் பாட்டிலுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆகும். பிடிக்காத நாலு பாட்டிலைச் சுமப்பதைவிட அது மேல்.

மிச்சம் பிடிக்கச் சிறந்த காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆலைகள் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை குளிர்கால ஸ்டவுட்களை இறக்கும். வெயில் எட்டிப் பார்த்ததும் யாரும் தொடமாட்டார்கள், கடைக்காரருக்கு இடம் வேண்டும், விலையைக் குறைப்பார். ஹாப்ஸ் தூக்கலான ஐ.பி.ஏ. வகை பீரை இப்படித் தள்ளுபடியில் வாங்கக்கூடாது, ஹாப்ஸ் மணம் போயிருக்கும். இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு நாலைந்து மாதம் ஒரு பொருட்டே இல்லை, சிலவற்றில் கசப்பு தணிந்து நன்றாகவே இருக்கும். விதிவிலக்கு காபி சேர்த்தவை. காபி மணம் சில மாதங்களில் மங்கி, பச்சைக் குடைமிளகாய் வாசம் தலைதூக்கும். அவற்றைப் புதிதாக மட்டும் வாங்குங்கள், தள்ளுபடிக் கூடையில் கண்டால் விட்டுவிடுங்கள்.

தேதியைக் கழுத்திலோ கேனின் அடியிலோ தேடுங்கள். நிரப்பிய நாளா, கெடு தேதியா என்று பிரித்துப் பாருங்கள். சில ஆலைகள் மாதம் எழுதாமல் மூன்று இலக்கம் போடும்: 045 என்றால் வருடத்தின் 45-வது நாள், அதாவது பிப்ரவரி 14. சன்னல் வெயில் படும் தட்டிலோ, ஹீட்டர் அருகிலோ நின்ற பாட்டில் வேண்டாம். மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தாலும், கேன் உப்பியிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

குடிக்கும் முறை

நல்ல ஸ்டவுட்டைக் கெடுப்பதில் முதலிடம் குளிர்சாதனப் பெட்டிக்கு. அதன் உள்ளே 3, 4 டிகிரி இருக்கும். அந்தக் குளிரில் நாக்கு மரத்து, கனமும் இனிப்பும் மறைந்து, கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 'தண்ணியாக இருக்கிறது' என்று குறை சொல்பவர்களில் பலர் இப்படிக் குடித்தவர்கள். வேண்டியது 10 முதல் 13 டிகிரி. 12 அவுன்ஸ் பாட்டிலை வெளியே எடுத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மேசையில் வையுங்கள். அறைச் சூட்டுக்கே விட்டுவிட்டால் ஆல்கஹால் நெடி முந்திக்கொண்டு வரும்.

கிளாஸ் சிறியதாக, வாய் குவிந்ததாக இருக்கட்டும். பிராந்தி கிளாஸ் போதும். எண்ணெய்ப் பசை இருந்தால் நுரை உடனே செத்துவிடும், அதனால் சமையல் பாத்திரங்களோடு போட்டுத் தேய்த்த கிளாஸைத் தனியாக ஒருமுறை கழுவுங்கள். 120 மில்லி அளவுக்கு ஊற்றிக்கொண்டு, தீர்ந்ததும் மீண்டும் ஊற்றலாம். கடைசி வாய்க்குள் பீர் இன்னும் சூடேறி வேறு மணங்கள் எழும். ஆல்கஹால் அதிகமுள்ள பீரில் நுரை சீக்கிரம் அடங்குவது இயல்பு, குறையல்ல. அடியில் ஈஸ்ட் வண்டல் இருந்தால் கடைசி ஒரு விரல் அளவை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

கனத்தைச் சோதிக்க ஒரு வாய் எடுத்து மூன்று நொடி நாக்கில் நிறுத்தி விழுங்குங்கள். பிறகு நாக்கை மேலண்ணத்தில் தடவிப் பாருங்கள். ஒரு மெல்லிய படலம் தங்கியிருந்தால் கனமானது. உடனே காய்ந்துபோய் எரிச்சல் மட்டும் இருந்தால் அது ஆல்கஹால் பலம்தான்.

எப்போது சந்தேகப்படுவது

நனைந்த அட்டை வாசம் வந்தால் ஆக்சிஜன் புகுந்து பழசாகியிருக்கிறது. சோயா சாஸ் போன்ற உப்புச் சுவை, மிகப் பழைய பாட்டிலிலோ வெப்பத்தில் கிடந்ததிலோ ஈஸ்ட் செத்துச் சிதைந்ததால் வருவது. நகப்பூச்சு நெடி அடித்தால் நொதித்த சூடு அதிகமாகியிருக்கலாம். அது ஆலையின் தவறு, வைத்திருந்தால் சரியாகாது. எதிர்பாராத புளிப்பும், திறந்ததும் பொங்கி வழிவதும் சேர்ந்து வந்தால் கிருமி புகுந்திருக்கிறது. ரசீதோடு கடையில் கொடுத்துப் பாருங்கள், பல கடைகள் மாற்றித் தருகின்றன.

சேர்த்து வைக்க நினைப்பவர்கள் 9 சதவீதத்துக்கு மேற்பட்ட, காபி சேர்க்காத பாட்டில்களை 10 முதல் 13 டிகிரியில், இருட்டில், நிமிர்த்தி வையுங்கள். ஒரே தேதிச் சரக்கில் இரண்டு வாங்கி, ஒன்றை உடனே குடித்து, மற்றதை ஒரு வருடம் கழித்துத் திறந்தால் காலம் என்ன செய்கிறது என்பது தெரியும். அபார்ட்மெண்ட்டில் கோடையில் 30 டிகிரி ஏறுமானால் இந்த ஆசையே வேண்டாம், வாங்கியதைக் குடித்துவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள மிளகாய்க் காரமான எதையும் வைக்காதீர்கள். ஆல்கஹாலும் வறுவல் கசப்பும் காரத்தை ஏற்றிவிடும். சிக்கன் 65 நாக்கைப் பொசுக்கும், பீரின் சுவையும் தெரியாது. உப்பு போட்டு வறுத்த பாதாம், நீலச் சீஸ், கசப்புச் சாக்லெட் பொருந்தும். முடிக்க முடியாமல் கால் கிளாஸ் மிஞ்சினால் வனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றலாம், அதற்கு வாயு போன மறுநாள் ஸ்டவுட்டும் பரவாயில்லை.